வெள்ளித் தூக்கு

ஜூலை 3, திங்கள்

எடிசனை இன்றைக்கு மறுபடியும் ஒரு பொய்யிலிருந்து காப்பாற்றினேன். உங்கள் மகன் மக்கு என்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்ததை, உங்கள் மகன் மேதை என்று அம்மா மாற்றிப் படித்துக் காட்டினாளாம். வாட்ஸ்அப்பில் பிறந்து வாட்ஸ்அப்பிலேயே வளர்ந்து ஆளான கதை. முகிலரசன் சார் அதைத் திருச்சிக் கல்லூரியில் சொல்லியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"நம்பகமான புத்தகம் எதுலயும் இல்ல சார்" என்றேன்.

"ஆனா அழுகை வருதே ஜெயக்கொடி."

"அழுகை வரும் சார். ஆதாரம் வராது."

சிரித்துவிட்டார். நோட்டீசில் அவர் பெயருக்குக் கீழே 'ஆதாரம் இல்லாமல் ஒரு சொல்லும் பேசமாட்டார்' என்று போட்டுக்கொள்வார். அந்த ஆதாரம் நான்தான். கல்லூரி கல்லூரியாகப் போய்த் தன்னம்பிக்கை ஊட்டுவது அவர் தொழில். அவருக்குக் கதை பிடித்துக் கொடுப்பது என் தொழில். அமெரிக்காவில் பெரிய ஆட்களாக வந்த விஞ்ஞானிகளும் எழுத்தாளர்களும் பொடிசுகளாக இருந்தபோது பட்ட பாட்டையெல்லாம் ஆங்கிலப் புத்தகங்களில் தேடிப் படித்து, தமிழில் சுருக்கி எழுதிக் கொடுப்பேன். ரயிலில் பேப்பர் விற்றவன், அப்பா செத்ததும் அச்சாபீசில் எடுபிடியாகச் சேர்ந்து பிற்பாடு உலகத்தையே சிரிக்க வைத்தவன், இப்படி. நம் ஊரில் ஒருவன் கஷ்டப்பட்டான் என்று சொன்னால் பிள்ளைகள் போனை நோண்டுகிறார்கள். அமெரிக்காவில் கஷ்டப்பட்டான் என்றால் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

எடிசன் கதைக்குப் பதிலாக உருளைக்கிழங்கு வயல் பையனைக் கொடுத்தேன். பதினாலு வயதில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவன், மண்ணில் சால் சாலாகக் கிடந்த கோடுகளைப் பார்த்துத் தொலைக்காட்சிக்கு வழி கண்டான். இது நிஜம். சார் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. கண்ணுலதான் ஒண்ணும் வரல" என்றார்.

வீட்டுக்கு வந்தால் அப்பா எதிர்வீட்டு மிக்சியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து சாரின் வீடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தார். தினமும் இதுதான். ஒவ்வொரு கதை முடிந்ததும் "இது நீ எழுதுனதா தாயி?" என்பார். ஆமாம் என்றால் மறுபடி முதலிலிருந்து ஓடவிடுவார்.

ஜூலை 5, புதன்

கேஸ் வந்தது. பழைய ரெகுலேட்டர் ஒழுகுகிறது என்று அம்மா நாளெல்லாம் மோப்பம் பிடித்துக்கொண்டே திரிந்தாள். ஒழுகவில்லை.

ஜூலை 8, சனி

ராஜபாளையத்தில் நிகழ்ச்சி. நீலப் புடவை கட்டிக்கொண்டு போனேன். சுருக்கம் விழாத புடவை என்பதால்தான்.

திரும்பும்போது கிருஷ்ணன்கோவில் பக்கத்தில் கொட்டு கொட்டென்று மழை. டிரைவர் பால்ச்சாமி அண்ணன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டீக்கடைக்குள் போய்விட்டார். சார் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அவர் கல்லூரியில் சேர்ந்த அன்று அம்மா கழுத்து வெறுங்கழுத்தாக இருந்ததாம். மேடையில் சொல்கிற குரலில் இல்லை, மெதுவாகச் சொன்னார். பிறகு, "நீங்க ஊரு கதையெல்லாம் சொல்றீங்க, உங்க கதைய ஒருநாளும் சொன்னதில்லையே" என்றார்.

சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மழை காரணம் என்று வைத்துக்கொள்கிறேன்.

சாத்தூரில் எனக்குப் பதினோரு வயது. அப்பா எண்ணெய் மில்லில் தினக்கூலி. மில்லில் மோட்டாரின் செம்புக் கம்பிச் சுருள் காணாமல் போனது. எடுத்தது சங்கரலிங்கம்தான் என்று அப்பாவை மில் வாசல் கரண்டு கம்பத்தில் கட்டிவைத்துவிட்டார்கள். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருந்தாள். சில்வர் தூக்கில் தண்ணீர் மோந்துகொண்டு நான் போனேன். ஒரே கூட்டம். "யாரு பிள்ள இது?" என்று ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "தெரியலையே. யாரு பெத்த பிள்ளையோ, தண்ணி கொண்டாந்திருக்கு" என்றார். அண்ணாந்து குடித்தார். "வீட்டுக்குப் போ பாப்பா" என்று வழியில் போகிற பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னார். சாயங்காலம் அவிழ்த்துவிட்டார்கள். அந்த மாதமே மதுரைக்கு வந்துவிட்டோம். அப்பா அதை எடுத்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வீட்டில் மூன்று பேரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது என்னோட போயிரும் ஜெயக்கொடி" என்றார்.

மனசு லேசாக இருக்கிறது. அப்பாவுக்கு இரண்டு இட்லி கூட வைத்தேன்.

ஜூலை 10, திங்கள்

சார் ஒரு பேனா கொடுத்தார். தனக்கு யாரோ கொடுத்ததாம், இங்க் பேனாவில் எழுதினால் அவருக்கு விரல் கறையாகிறதாம். எல்லோருக்கும் ஏதாவது கொடுப்பவர்தான். இதில் விசேஷம் ஒன்றுமில்லை.

அந்தப் பேனாவில்தான் இப்போது எழுதிப் பார்க்கிறேன். நன்றாக ஓடுகிறது.

ஜூலை 15, சனி

காரைக்குடி நிகழ்ச்சிக்கு நான் வரவேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். "நல்லா ஓய்வெடுங்க. எப்பப் பாத்தாலும் அலைச்சல்." அக்கறை. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். அம்மாவோடு போய் ரேஷன் வாங்கினேன்.

ஜூலை 17, திங்கள்

ஆடி முதல் தேதி. பால்ச்சாமி அண்ணன் ஆபீஸ் வாசலில் காரைக் கழுவிக்கொண்டே, "காரைக்குடியில நீங்க இல்லாமப் போயிட்டீக மேடம். மொத்தக் கூட்டமும் அழுதுருச்சு. வாத்திமாரெல்லாம் கர்சீப்ப எடுத்துட்டாக" என்றார்.

நான் கொடுத்தது உருளைக்கிழங்கு வயல். உருளைக்கிழங்குக்கு யார் அழுவார்கள்?

சாரிடம் கேட்டேன். "அன்னைக்கு எனக்குத் தொண்டை நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஜூலை 18, செவ்வாய்

வீடியோ வந்துவிட்டது.

அமெரிக்காவில் சாமுவேல் ஹார்ட்விக் என்று ஒரு விஞ்ஞானியாம். ஓடுகிற ரயிலைப் பயணிகளே நிறுத்துகிற சங்கிலியைக் கண்டுபிடித்தவராம். ஆயிரத்து எண்ணூற்று எழுபதாம் வருஷம், அவருக்குப் பதினோரு வயது. அவருடைய தகப்பனாரைத் திருட்டுப் பட்டம் கட்டி மில் வாசலில் கரண்டு கம்பத்தில் கட்டிவைத்தார்களாம். பையன் தண்ணீர் கொண்டுபோகிறான். யார் பிள்ளை இது என்று கூட்டம் கேட்கிறது. 'யார் பெற்ற பிள்ளையோ' என்கிறார் தகப்பன். அந்த இடத்தில் சார் நிறுத்துகிறார். ஒரு நிமிஷம் அரங்கத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்புறம் கையை உயர்த்தி, "அந்தத் தகப்பன் திருடவில்லை நண்பர்களே! ஏழையாக இருந்தது ஒன்றுதான் அவன் செய்த குற்றம்!" என்கிறார். கைதட்டு ஓய்வதாக இல்லை.

ஹார்ட்விக் என்று அப்படி ஒரு ஆள் கிடையாது. நான் தேடிவிட்டேன். எழுபதில் எந்த ஊரில் கரண்டு கம்பம் இருந்தது? எடிசன் அப்போது பல்பையே கண்டுபிடிக்கவில்லை.

எல்லாவற்றையும்விட, தூக்கு. "சின்னஞ்சிறு கையில் ஒரு வெள்ளித் தூக்கு" என்கிறார். அன்றைக்குக் காரில் நான் 'சில்வர் தூக்கு' என்றேன். வீடு வீடாக இருக்கிற எவர்சில்வர் தூக்கு. அதை அமெரிக்காவுக்கு அனுப்புகிற அவசரத்தில் இங்கிலீஷ் வார்த்தை என்று நினைத்துத் தமிழ்ப்படுத்திவிட்டார் மனுஷர். கஞ்சிக்கே வழியில்லாத வீட்டில் வெள்ளித் தூக்கு! இதைக் கேட்டு மண்டபமே அழுகிறது, ஒரு ஜீவனுக்கும் சந்தேகம் வரவில்லை.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு போனைக் கவிழ்த்து வைத்தேன். என் அப்பாவை மறுபடியும் கட்டிவைத்துவிட்டார்கள், இந்தத் தடவை டிக்கெட் போட்டு. அந்தக் கூட்டத்திற்கு வழி காட்டிக் கூட்டிப் போனவள் நான்.

ஜூலை 19, புதன்

ஆபீசுக்குப் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். என் குரல் கீச்சென்று போனது எனக்கே பிடிக்கவில்லை.

"இது உங்களோட போயிரும்னு சொன்னீங்களே சார்?"

"உக்காருங்க முதல்ல."

"உக்கார வரல."

"ஜெயக்கொடி, யோசிச்சுப் பாருங்க. பேரு சொன்னேனா? ஊரு சொன்னேனா? பொண்ணைப் பையனாக்கிட்டேன். சாத்தூர தூக்கிக் கொண்டுபோயி அமெரிக்காவுல வச்சிட்டேன். இதவிடப் பத்திரமா எங்க வைக்க முடியும்?"

அவர் நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறார், அதுதான் கொடுமை. ஏதோ என் நகையை லாக்கரில் வைத்துக் கொடுத்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா தினமும் உங்க வீடியோ பாக்குறாரு சார். இதையும் பாப்பாரு. பாத்தா நான்தான் வெளிய சொன்னேன்னு தெரிஞ்சுபோகும். அவரு முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

முகம் கொஞ்சம் மாறியது. சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுகிறேன் என்றார். எடிட்டருக்குப் போன் போட்டுச் சொல்வதுபோலவும் செய்தார்.

கிளம்பும்போது அந்தப் பேனாவை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். இது பால்பாயிண்ட்.

ஜூலை 20, வியாழன்

எடுக்கவில்லை. காலையில் பார்த்ததைவிட மத்தியானம் இரண்டு பங்கு பேர் பார்த்திருக்கிறார்கள்.

'ஹார்ட்விக் ஐயாவின் தந்தைக்கு என் வணக்கம்' என்று தேனியிலிருந்து ஒருவர்.

ஜூலை 22, சனி

வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

அப்பா போனில் நெட் தீர்ந்துவிட்டது. ரீசார்ஜ் செய்யச் சொன்னார். கம்பெனியில் ஏதோ கோளாறு, ரெண்டு நாளாகும் என்றேன். "சரி தாயி, நான் டீக்கடையில பாத்துக்கிறேன், அங்க ஒயிர்லெஸ் நெட்டு வச்சிருக்காரு" என்றார். போச்சுடா.

"டீக்கடை வீடியோவெல்லாம் வைரஸ்ப்பா" என்றேன். அப்பா சிரித்தார். முகத்தை வழுவழுவென்று சவரம் பண்ணியிருந்தார். சனிக்கிழமை அவர் சவரம் செய்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 25, செவ்வாய்

அப்பா இன்னும் பார்க்கவில்லை. நிச்சயமாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இப்படி இருக்கமாட்டார். சாப்பாடு நன்றாக இறங்குகிறது. பரணில் கிடந்த பெடஸ்டல் ஃபேனை இறக்கிச் சரிசெய்துவிட்டார். பாட்டுக்கூட முணுமுணுக்கிறார். அம்மாதான் சரியில்லை, எதற்கெடுத்தாலும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கேஸ் கவலை போலிருக்கிறது.

கடவுளே, அதற்குள் அந்த வீடியோவை எடுத்துவிடவேண்டும்.

ஜூலை 26, புதன்

இன்று நானே மிரட்டலில் இறங்கினேன். ஆபீசுக்குப் போய், உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்து சொன்னேன். சாமுவேல் ஹார்ட்விக் என்று ஒருவரும் பிறக்கவில்லை, ரயில் சங்கிலிக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, இத்தனை நாள் இவருக்கு ஆதாரம் தேடிக் கொடுத்தவளே சொல்கிறேன் என்று எல்லாக் கல்லூரிக்கும் எழுதப்போகிறேன் என்றேன். நோட்டீசில் இருக்கிற அந்த வாசகத்தையும் ஒருமுறை வாசித்துக் காட்டினேன்.

சார் வெலவெலத்துப் போனார். அவரை அப்படிப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, ஏன் பொய் சொல்லவேண்டும்.

"என்ன செய்யணுங்கறீங்க?"

"வீடியோவ எடுங்க. அந்தக் கத கற்பனை, அப்படி ஒரு ஆளு கிடையாதுன்னு நீங்களே சொல்லுங்க. அதே மாதிரி மேடையில."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். ஆகஸ்ட் ஆறாம் தேதி மதுரையில் பெரிய நிகழ்ச்சி, நேரலையில் போகும். அதில் சொல்லிவிட்டு அன்றைக்கே வீடியோவையும் எடுத்துவிடுகிறேன் என்றார். பால்ச்சாமி அண்ணனைக் கூப்பிட்டுச் சாட்சியாக வைத்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "மேடம் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

ஜெயித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நீலப் புடவையைக் கிழித்துக் கைப்பிடித் துணியாக வெட்டினேன். அம்மா ஏன் என்று கேட்டாள். சாயம் போய்விட்டது என்றேன்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

தண்ணீர் வரவில்லை. லாரி வந்தது.

ஆகஸ்ட் 5, சனி

எங்கிருந்து தொடங்குவது?

காலையில் அப்பா, "வா தாயி, ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்" என்றார். அப்பா என்னை டீக்கடைக்குக் கூப்பிட்டதே கிடையாது. போனோம். மாஸ்டர் அப்பாவைப் பார்த்ததும், "வாங்க ஐயா, இவரு புதுசு, கேட்டதில்ல. அந்தச் சங்கிலிக்காரர் கதைய ஒருதரம் சொல்லுங்க" என்றார்.

நான் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா சொன்னார். என் அப்பா, கல்யாண வீட்டில்கூட ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவர், பெஞ்சில் நடுவாக உட்கார்ந்துகொண்டு, கையை நீட்டி மடக்கிச் சொன்னார். கயிறு எப்படி இறுகும், வெயில் எந்தப் பக்கமிருந்து ஏறிவரும், நேரமாக ஆகக் கால் எப்படி மரத்துப்போகும், எல்லாம் சொன்னார். சார் வீடியோவில் இதெல்லாம் கிடையாது. நான் காரில் சொன்னதிலும் கிடையாது.

"எல்லாஞ் சரி" என்றார் அந்தப் புது ஆள். "அன்னாடங்காய்ச்சி வீட்டுல வெள்ளித் தூக்கு ஏதுய்யா?"

"அமெரிக்காக்காரன் என்னதான் ஏழைன்னாலும் ஒரு வெள்ளிச் சாமான் வச்சிருப்பான்யா" என்றார் அப்பா. "அந்தக் காலத்துல அங்க எவர்சில்வர் ஏது?"

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மாஸ்டர் அப்பாவிடம் காசு வாங்கவில்லை.

திரும்பி நடக்கும்போது அப்பா செருப்பைத் தேய்த்துத் தேய்த்து மெதுவாக வந்தார்.

"போன மாசமே பாத்துட்டேன் தாயி. வந்த அன்னைக்கே."

"ம்" என்றேன்.

"எனக்கு மட்டுந்தான்னு இருந்தேன். இத்தன வருசமும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அமெரிக்காவுலயும் கம்பத்துல கட்டத்தான் செஞ்சிருக்கான் பாத்தியா? அந்தப் பிள்ளதான் பிற்பாடு எவ்வளவு பெரிய ஆளாகியிருக்கு."

நான் அவர் செருப்பையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

"சாரு அடிச்சுச் சொல்லிட்டாரு பாத்தியா, அவரு எடுக்கலன்னு. அத்தன சனத்துக்கு முன்னாடி. ஒருத்தன்கூட எந்திரிச்சு உனக்கெப்படித் தெரியும்னு கேக்கல தாயி. கைதட்டுறாங்க."

அப்பாவுக்குக் கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. நல்ல வெயில், தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், அவர் பாட்டுக்கு நடந்தார். வீடு வரும் வரைக்கும், இது நீ எழுதினதா என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

அடுப்படியில் அம்மா கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே பேசினாள்.

"வெள்ளித் தூக்காம்ல. அடி நெளிஞ்ச சில்வர் தூக்கு. எங்க ஆத்தா கல்யாணத்துக்குக் கொடுத்தது. யார்ட்டடி சொன்ன?"

"அம்மா, நான் வந்து..."

"வேணாம். ஒண்ணும் சொல்லாத. அன்னைக்கு வீடியோவ எனக்கும் போட்டுக் காட்டுனாரு. நெஞ்சு பகீர்னு ஆயிருச்சு. ஊர விட்டு ஓடி வந்ததெல்லாம் எதுக்கு, நீ இப்படி மைக்கு வச்சுச் சொல்லத்தானான்னு உம்மேல அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு." உருவிய ஈர்க்கை முறத்தின் ஓரத்தில் போட்டாள். "ஆனா மனுசன் அன்னையிலருந்துதான் பெனாத்தாமத் தூங்குறாரு. கல்யாணமான நாளா... இல்ல, சாத்தூர்லருந்து வந்த நாளா இப்படி அவரு தூங்கி நான் பாக்கல. நாளைக்கு அந்தச் சாரு ஏதோ பேசப்போறாராம்ல? நீ எதையாவது செஞ்சு கெடுத்துராத."

நாளைக்கு. நேரலை. நானே கேட்டு, நானே சாட்சி வைத்து வாங்கின வாக்கு.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சாருக்குப் போன் செய்தேன்.

"சார், நாளைக்கு அதச் சொல்லவேணாம்."

"எத?"

தெரியாதவர்போலக் கேட்கிறார். என் வாயால் வரவேண்டும் அவருக்கு.

"ஹார்ட்விக் கற்பனைன்னு சொல்லவேணாம். வீடியோவையும் எடுக்கவேணாம்."

"நல்லா யோசிச்சுத்தான் கேக்குறீங்களா? அப்புறம் திரும்ப என்மேல வரக்கூடாது."

"நான்தான் சார் கேக்குறேன். அப்பாவுக்கு... அந்தக் கத இருக்கட்டும் சார்."

ஒரு பெருமூச்சு விட்டார். மன்னித்துவிட்டாராம் என்னை. "நான் அன்னைக்கே சொன்னேன், பத்திரமாத்தான் வச்சிருக்கேன்னு. நீங்கதான் புரிஞ்சுக்கல. சரி விடுங்க, திங்கக்கிழமை வந்துருங்க." பிறகு, பேச்சோடு பேச்சாக, "ஒரு சின்ன விசயம். தண்ணி கொடுத்துட்டுத் திரும்பிப் போறப்ப, நீங்க திரும்பிப் பாத்தீங்களா?" என்றார்.

குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

"இல்ல, நாளைக்கு அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தலாமான்னுதான்."

"நன்றி சார்" என்று சொல்லிப் போனை வைத்தேன். எதற்கு நன்றி சொன்னேன்? திருடிப் போனவனிடமே போய், தயவுசெய்து திருப்பிக் கொடுத்துவிடாதே என்று கெஞ்சிவிட்டு வந்திருக்கிறேன். அவனைத் திருடன் என்று சொல்லக்கூட இனி எனக்கு வழியில்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

அப்பாவின் போனுக்கு ரீசார்ஜ் செய்தேன். பதினொரு மணிக்கு நேரலை. ஹாலில் நாற்காலியைப் போட்டு, அதன்மேல் எவர்சில்வர் டப்பாவை வைத்து, அதில் போனைச் சாய்த்து வைத்தார் அப்பா. அம்மா அடுப்படி வாசலிலேயே நின்றாள்.

சார் ரயிலில் பேப்பர் விற்ற பையனில் ஆரம்பித்து, பொம்மை விமானத்தை வைத்து விளையாடிய அண்ணன் தம்பிகளைத் தொட்டு, ஹார்ட்விக்கிற்கு வந்தார். அப்பா சட்டைக் கையைக் கீழே இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கம்பம் வந்தது. கயிறு வந்தது. வெள்ளித் தூக்கு வந்தது. தண்ணீர் கொடுத்துவிட்டுப் போகிற பையன் மூன்று முறை திரும்பிப் பார்த்ததாகச் சொல்லி, மூன்று முறையும் நிறுத்தினார். நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் அழுகை வந்துவிடும், அழுதால் யார் பிள்ளை என்று தெரிந்துவிடும் என்று தெருமுனை வரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அதை இங்கே எழுதுவதோடு சரி, இனி ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

"அந்தத் தகப்பன் திருடவில்லை!" என்றார் சார். மண்டபம் அதிர்ந்தது. அப்பாவும் தட்டினார். சத்தம் வராமல், உள்ளங்கையும் உள்ளங்கையும் படப் படத் தட்டினார்.

நிகழ்ச்சி முடிந்து விளம்பரம் வந்தது. அப்பா போனை அணைத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். அம்மா உள்ளே போய்விட்டாள்.

"ஏம் தாயி, நீ இங்கிலீஷ்ல எல்லாம் படிக்கிறவ. அந்த அப்பங்காரரு, அதுக்கப்புறம் அந்தப் பிள்ளகிட்ட இதப்பத்திப் பேசுனாரான்னு எதுலயாவது போட்டிருக்கா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. போனின் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லப்பா. போடல."

"தேடிப் பாத்தியா?"

"எதுலயும் இல்லப்பா."

"பேசியிருக்கலாம்" என்றார் அப்பா. எழுந்து நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போட்டுவிட்டு, கை கழுவப் போனார்.